ஒப்பீட்டுப் பட்டியலில் என் கையெழுத்து

1

நான் இங்கிலாந்துக்கு வந்து எட்டு வருடம் முடிந்த அன்று காலையில், வீட்டு வாசலில் இருந்த நீலத் தொட்டியில் சிவப்பாக ஒரு எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. காகிதமும் அட்டையும் மட்டும் போட வேண்டிய தொட்டியில் முருங்கைக்காய்ச் சக்கை கிடந்ததாம். ஆகையால் இந்த முறை எடுக்க மாட்டார்களாம். இன்னொரு தடவை நடந்தால் கடிதம் வரும், அதற்குப் பிறகும் நடந்தால் அபராதம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஆனால் முதல் வரி 'மறுசுழற்சி செய்வதற்கு நன்றி' என்று ஆரம்பித்தது. இந்த நாட்டில் திட்டுவதற்கு முன்னால் நன்றி சொல்வார்கள். எட்டு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. பழகிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

அந்தத் தாளை ஒட்டுகிற வேலையைத்தான் நானும் செய்கிறேன். எங்கள் தெருவுக்கு வேறு வண்டி வருகிறது, நான் வேறு தெருக்களுக்குப் போகிறேன், அவ்வளவுதான். நான் குப்பை வண்டியில் லோடர். வாசலில் இருக்கும் தொட்டியை இழுத்து வந்து வண்டியின் பின்னால் மாட்ட வேண்டும். அது கவிழ்ந்து காலியானதும் திரும்ப வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தொட்டி என்று எண்ணுவதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன்.

தேனியில் சிறு பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், வெளிநாட்டு அனுபவத்தை எழுதித் தரும்படி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அங்கன தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குமாமே, அதை எழுதுங்க" என்றார். சரி, எழுதுகிறேன். தெருவைச் சுத்தம் செய்வது யார் என்பதை ஒரு ஊர் எப்படித் தீர்மானிக்கிறது என்று இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இன்னோரிடத்தில் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். இரண்டு இடத்தையும் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. என்னைப் பற்றிச் சொல்ல அதைவிடக் குறைவு.

2

சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பேரூராட்சி. பெயரைப் போடவில்லை. அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. அந்த அலுவலகத்தில் 1996லிருந்து நான் இளநிலை உதவியாளன். பிறப்புச் சான்று, வீட்டு வரி, தெருவிளக்கு, குப்பை எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். விவசாயக் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

அப்போது ஊரைக் கூட்டியவர்கள் ஆறு பெண்கள். எல்லோரும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிக்காரர்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலியில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவர் முத்துப்பேச்சி. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும். தள்ளுவண்டியை அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு, படியேறாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் என்னோடு பேசுவார். படியேறி வாருங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதை இப்போது வருத்தத்தோடு எழுதுவது சுலபம். அன்றைக்கு எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

2001இல் குப்பை அள்ளுவதைத் தனியாருக்கு விடுவது என்று பேரூராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். டிராக்டரும் ஆட்களும் ஒப்பந்ததாரருடைய பொறுப்பு. விளம்பரம் கொடுத்து ஒப்பந்தப்புள்ளி கேட்டோம். மூடி முத்திரை வைத்த மூன்று கவர்கள் வந்தன. அவற்றைப் பிரித்து, மூன்று பேரும் கேட்டிருக்கும் விலையை ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதுவது என் வேலை. அதற்கு ஒப்பீட்டுப் பட்டியல் என்று பெயர்.

மூன்று கவரில் இருந்த தாள்களையும் மேசையில் விரித்தேன். மூன்று பெயர், மூன்று முகவரி, மூன்று கையெழுத்து. ஆனால் உள்ளே இருந்தது எல்லாம் ஒரே ஆளின் எழுத்து. என் அண்ணன் பரமசிவத்தின் எழுத்து. அவன்தான் எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவன். ழகரத்தின் வாலை அவனைப் போல நீட்டி எழுதுகிறவர்கள் எங்கள் பகுதியில் வேறு யாருமில்லை.

அண்ணன் அப்போது வாழைத்தார் வியாபாரத்தில் இருந்தான். சொந்தமாக இரண்டு டிராக்டர் வைத்திருந்தான். பேரூராட்சித் தலைவருக்கு வேண்டியவன். தன் பெயரில் போட்டால் தம்பி ஆபீஸில் இருக்கிறான் என்று பேச்சு வரும் என்பதால், கூட்டாளிகள் மூன்று பேர் பெயரில் போட்டிருந்தான். யாருக்குக் கிடைத்தாலும் ஓடப்போவது அவன் டிராக்டர்தான்.

நான் அளவுகோலை எடுத்தேன். கட்டம் போட ஆரம்பித்தேன்.

3

மறுநாள் மத்தியானம் முத்துப்பேச்சி ஜன்னலுக்கு வந்தார். செயல் அலுவலர் சாப்பிடப் போயிருந்தார். அவர் போவதற்காகவே காத்திருந்திருக்கிறார் போல.

"சார், ஒரு தாளு கெடச்சுச்சு. பாத்துச் சொல்லுங்க."

கசங்கிய தாள்கள் மூன்று. இரண்டில் டீ கொட்டியிருந்தது. ஒப்பந்தப்புள்ளியை முதலில் எழுதிப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போட்ட நகல்கள். மூன்று பெயரும் இருந்தன. ஒரு தாளில் விலையை அடித்து அடித்து எழுதியிருந்தது.

"எங்கன கெடச்சுது?"

"உங்க அண்ணன் வீட்டுக் குப்பையில." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. எம் மக ஏழாவது படிக்கிறா, அவதான் வாசிச்சா. மூணு பேரும் ஒருத்தர்தானாமே சார். அப்ப இது செல்லாதுல்ல?"

நான் தாளின் கசங்கலை நீவிவிட்டேன்.

"உங்க அண்ணன்னு தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தேன்," என்றார். "வேற யார்ட்ட போனாலும் தாளை வாங்கிக்கிட்டு வெரட்டி விட்ருவாக. நீங்க படிச்சவுக. ஆறு குடும்பம் சார். நீங்க எடுத்துச் சொன்னாக் கேப்பாக."

"சரி. இதை ஃபைல்ல வைக்கிறேன். நீங்க போங்க," என்றேன்.

அவர் என்னை நம்பினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்த மூன்று தாளையும் அண்ணனிடம் கொடுத்தேன். அவன் ஒன்றும் பதறவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "இதுக்காடா மொகத்தத் தொங்கப் போட்ருக்க? நல்ல வேளை உங்கிட்ட வந்தா. போய்ச் சாப்புடு," என்றான்.

அண்ணி தோசை வார்த்தாள். நான் சாப்பிட்டேன். மறுநாள் ஒப்பீட்டுப் பட்டியலை முடித்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் ஆறு பெண்களும் நிறுத்தப்பட்டார்கள். அண்ணன் வருசநாட்டுப் பக்கமிருந்து ஆள் கொண்டுவந்தான். ஊருக்கு வெளியே இருந்த உரக்கிடங்கு வரைக்கும் போனால் டீசல் செலவு என்று, காலனியை ஒட்டிய ஓடையில் குப்பையைக் கொட்டி நெருப்பு வைத்தார்கள். முத்துப்பேச்சி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகத் தொடங்கினார். விடியுமுன்னே ஜீப்பில் அடைத்துக்கொண்டு மலையேறி, கேரள எல்லையைத் தாண்டி, இருட்டிய பிறகு இறங்குகிற வேலை. ஏழாவது படித்த மகளும் அடுத்த வருடம் அதே ஜீப்பில் போனாள். இதை நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பேருந்துக்காக நிற்கும்போது பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். முத்துப்பேச்சி என்னிடம் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.

4

என் மனைவி விஜயா நர்ஸ். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை இந்த நாட்டுக்காரர்கள் நேர்முகம் வைத்து எடுத்தார்கள். 2002இல் நான் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு, ஐந்து வயது மகள் மதியைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். எல்லோரும் என்னைப் பெரிய தியாகி என்றார்கள். அந்த ஜன்னலைவிட்டு ஓடி வருகிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே என் பட்டத்தையும் ஆறு வருட அலுவலக அனுபவத்தையும் வேலைவாய்ப்பு அலுவலகப் பெண் புன்னகையோடு வாங்கிப் பார்த்துவிட்டு, புன்னகையோடு திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் காய்கறிப் பொட்டலம் கட்டினேன். பிறகு குப்பை வண்டி. நகராட்சிக்காக ஒரு கம்பெனி நடத்தும் வண்டி.

ஊருக்கு "கவுன்சில்ல வேலை" என்று சொன்னேன். அண்ணன் அதை "கவுன்சில் ஆபீசர்" என்று ஊருக்குச் சொன்னான். நான் திருத்தவில்லை. மதி பள்ளிக்கூடத்தில் "அப்பா சுற்றுச்சூழல் துறை" என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் அவள் தோழிகளோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது எங்கள் வண்டி அந்தப் பக்கம் போனது. நான் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். வண்டி திரும்பும்வரை கட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேசினாலும் அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன். இரண்டு பேருக்கும் பாதி பாதிதான் போய்ச் சேரும்.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலை வணக்கம் சொல்வார்கள், நாய்க்குட்டியின் பெயரைச் சொல்வார்கள். மழையில் நனைந்துகொண்டு தொட்டியை இழுக்கும்போது, மூடி சரியாக மூடவில்லை என்று ஜன்னலுக்குள்ளிருந்து விரலை மட்டும் ஆட்டிக் காட்டுவார்கள். அந்த விரலை எனக்குத் தெரியும். அது என்னுடைய பழைய விரல்.

5

2009இல் இந்த நகராட்சி, குப்பைச் சேவையை யாருக்குக் கொடுப்பது என்று புதிதாகத் தீர்மானிக்கக் கிளம்பியது. பழைய ஒப்பந்தம் முடிகிறது. முதலில் வீடு வீடாக வழவழப்பான ஒரு சிறு புத்தகம் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றது. வாரம் ஒருமுறை எடுத்ததை இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டது. பதில் எழுத நான்கு கட்டம் இருந்தது. 'மகிழ்ச்சி', 'ஓரளவு மகிழ்ச்சி', 'கருத்தில்லை', 'மேலும் விவரம் தேவை'. வேண்டாம் என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் போடுகிற தொழிலில் இருந்தவன் நான். அந்தத் தாளைத் தயாரித்தவனுக்கு மனத்துக்குள் ஒரு சலாம் போட்டேன்.

பிறகு கம்பெனிகள் வந்தன. எங்கள் வேலையை எடைபோட ஆட்கள் வந்து, கையில் பலகை வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். ஒரு தெருவுக்கு எத்தனை நிமிடம் என்று குறித்தார்கள். யாரும் எங்களிடம் பேசவில்லை. மூன்று பேர் செய்கிற வேலையை இரண்டு பேரை வைத்துச் செய்வோம் என்ற கம்பெனிக்குத்தான் கிடைக்கப்போகிறது என்று வண்டி ஓட்டுகிற டெரிக் சொன்னார். அவர் முப்பது வருடமாக அந்த வேலையில் இருக்கிறார். "கம்பெனிகளுக்குப் போடும் மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் விலைக்குத்தான். மற்றதெல்லாம் அலங்காரம்," என்றார்.

முடிவெடுக்கும் கூட்டத்தில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். தொழிலாளர்களில் யாரும் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். ஏன் என்று விஜயா கேட்டாள். "சும்மாதான்," என்றேன்.

கூட்டத்துக்கு மதியும் வந்தாள். பள்ளியில் குடிமையியல் பாடத்துக்காக ஏதாவது ஒரு நகராட்சிக் கூட்டத்தைப் பார்த்து எழுத வேண்டுமாம். நான் பேசப்போவது அவளுக்குத் தெரியாது.

என் முறை வந்தது. வீட்டில் எழுதிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது. குப்பை வண்டியில் வேலை செய்பவன் என்று சொல்ல நினைத்து, "ஐ ஆம் எ வேஸ்ட் மேன்," என்றேன். பின்வரிசையில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதற்கும் உதவாதவன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டுகிற வார்த்தையாம் அது. தலைமை தாங்கியவர் தொண்டையைச் செருமினார். நான் தொடர்ந்து பேசினேன். ஆளைக் குறைத்தால் முழங்கால் போகும், பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றேன். மூன்று நிமிடம் ஆனதும் பச்சை விளக்கு சிவப்பானது. நன்றி சொன்னார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் டெரிக் சொன்ன கம்பெனிக்கே கொடுத்துக் கை தூக்கினார்கள்.

வெளியே வரும்போது மதி என் பக்கத்தில் வரவில்லை. கார் நிறுத்தம்வரை பத்தடி பின்னால் வந்தாள். காருக்குள் ஏறியபிறகு, தமிழில், "அப்பா, அந்த வார்த்தையை இனிமேல் சொல்லாதே," என்றாள். கொஞ்சம் கழித்து, "மத்ததெல்லாம் சரியா பேசின," என்றாள்.

6

என்னைக் கவிழ்த்தது அந்தக் கூட்டம் இல்லை. அதற்கு அடுத்த வாரம் தொழிற்சங்கக்காரர் கொண்டுவந்து காட்டிய ஒரு தாள்.

ஒப்பந்தத்துக்கு விலை கேட்கும்போதே நகராட்சி ஒரு பட்டியலைக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. இப்போது வேலையில் இருப்பவர்கள் இவர்கள், யாருக்கு ஒப்பந்தம் கிடைத்தாலும் இவர்களை இதே சம்பளத்தில், இதே பணிக்காலக் கணக்கோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. இந்த நாட்டுச் சட்டம் அது. பட்டியலில் பெயர் இல்லை, எண் மட்டும். சங்கக்காரர் விரலை வைத்துக் காட்டினார். "இது நீ."

லோடர். முழுநேரம். சேவை ஆறு வருடம்.

இதை எழுதியதற்காக நான் இந்த நகராட்சியைக் கும்பிடவில்லை. அதே கம்பெனி வந்த நான்காம் மாதமே விருப்ப ஓய்வு என்று சொல்லி எங்கள் வண்டியில் ஒரு ஆளைக் குறைத்தது. என் முழங்காலில் இப்போது பட்டை கட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு வரியை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் ஆறு வருடம் வேலை பார்த்த அலுவலகத்தில், நானே தைத்து நூல் கோத்த கோப்பில், பன்னிரண்டு வருடம் ஊரைக் கூட்டிய ஆறு பெண்களுக்கு ஒரு வரி இல்லை. டிராக்டரின் குதிரைத்திறன் இருந்தது. டயரின் நிலைமை இருந்தது.

அன்று விஜயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள் வந்தது, நான் வாங்கியது, அண்ணனிடம் கொடுத்தது, அண்ணி வார்த்த தோசையைச் சாப்பிட்டது. அவள் சீருடையைக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தோசையைச் சாப்ட்டுட்டு வந்து எங்கூடதான படுத்த," என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சித்திரைக்கு ஊருக்குப் போறோம்ல, அந்தப் பொம்பளையைப் போய்ப் பாரு," என்றாள்.

7

2010 சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோம். ஊரில் மறுபடியும் குப்பைப் பேச்சுதான். வீட்டுக்கு வீடு மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கப் புதிய ஒப்பந்தம் விடப்போகிறார்கள். அண்ணனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "நீ அங்கன கவுன்சில்ல பாத்திருப்பல்ல, கொஞ்சம் எழுதிக் குடு. ஃபாரின் மெத்தடுன்னு சேத்துக்கலாம்," என்றான் அண்ணன்.

நான் ஓடையைத் தாண்டிப் போனேன். ஓடை என்று சொல்வது பழக்கத்தால்தான். அது சாம்பல் மேடாகக் கிடந்தது. முத்துப்பேச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்து விறகு ஒடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டார். தாளை அண்ணனிடம் கொடுத்ததை நானும் நின்றபடியே சொன்னேன்.

"தெரியும் சார்," என்றார். "உங்க அண்ணன் மறுநாளே எங்க தெருவுக்கு வந்து சிரிச்சாக. 'தாளு எங்கிட்ட பத்திரமா இருக்கு ஆத்தா'ன்னு. நீங்க குடுக்காம அங்கன எப்படிப் போகும்?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கத் தயாராக இல்லை.

"அதை விடுங்க. நாங்க ஒரு மனு குடுத்திருக்கோம், தேனி கலெக்டர் ஆபீஸ்ல. அன்னைக்கு நடந்தது மோசடி, இப்பவும் அதே ஆளுதான்னு. விசாரிக்கக் கூப்ட்ருக்காக. எங்ககிட்ட தாளு இல்ல. நீங்க வந்து சொல்லுவீகளா? எழுதிக் கையெழுத்துப் போடுவீகளா?"

"போடுறேன்."

"அன்னைக்கும் ஃபைல்ல வைக்கிறேன்னுதான் சொன்னீக," என்றார்.

தேனி கலெக்டர் அலுவலகத்தில் விசாரணை அதிகாரி ஒரு இளைஞர். ஒரு பக்கம் பெஞ்சில் அண்ணனும் தலைவரும். இன்னொரு பக்கம் முத்துப்பேச்சியும், அவரோடு வந்த மூன்று பெண்களும். விஜயாவும் மதியும் கடைசியில் நின்றார்கள். என் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். தொழில் என்ன என்று எழுத்தர் கேட்டார்.

"வெளிநாட்டுல கவுன்சில் ஆபீசர்," என்று அண்ணன் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தான். இன்னமும் நான் அவன் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார்," என்றேன். "குப்பை வண்டியில லோடர். குப்பை அள்ளுறேன். அப்படியே எழுதுங்க."

எழுத்தரின் பேனா நின்றது. அண்ணன் எழுந்தான். "ஏலே, என்ன பேசுற? பித்துப் பிடிச்சிருச்சா?"

நான் பேசிக்கொண்டே போனேன். ழகரத்தின் வால், டீக்கறை, தோசை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பீட்டுப் பட்டியலில் இருப்பது என் கையெழுத்து, தெரிந்தே போட்டது என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். போகும்போது, "இனிமே நம்ம வீட்டு வாசப்படியில உங்காலு படக்கூடாது," என்றான். மோசடிக்காக அவனுக்குக் கோபம் வரவில்லை என்று நினைக்கிறேன். அவன் அத்தனை பேரிடமும் ஆபீசர் என்று சொல்லி வைத்திருந்தான்.

8

மூன்று மாதம் கழித்து முடிவு தெரிந்தது. புதிய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். மறுபடி விளம்பரம் கொடுத்தபோது, முன்பு வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்களாம். ஆறு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். நான்கு பேருக்கு வேலை கிடைத்தது. முத்துப்பேச்சிக்கு வயது கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவர் மகள் இன்னும் ஏலத்தோட்டத்துக்குத்தான் போகிறாள். அண்ணனுக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. அடுத்த தேர்தலில் நிற்கப்போவதாகக் கேள்வி.

இதையெல்லாம் ஒரு நல்ல முடிவாக எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் விசாரணை முடிந்த அன்று தேனி பேருந்து நிலையத்தில் நடந்ததை விட்டுவிட்டு எழுத முடியாது.

கம்பம் பேருந்துக்காக நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். முத்துப்பேச்சி சற்றுத் தள்ளி நின்றார். நான் போய், டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"நெசமாவே அங்கன குப்பைதான் அள்ளுறீகளா?"

"ஆமா."

"கைக்கு உறை குடுப்பாகளா?"

"குடுப்பாக. காலுக்குப் பூட்ஸும் குடுப்பாக."

எனக்கு அந்த நேரத்தில் ஒரு ஆசை வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். இந்த அம்மா என்னைத் தன்னைப்போல ஒருவனாக ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. "நானும் உங்க வேலைதான் பாக்குறேன்," என்றேன். சொன்ன உடனே எனக்கே அது நன்றாக இல்லை.

"இல்ல சார்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைத் திருத்துகிறவர் போலச் சொன்னார். "நீங்க அதை விட்டுட்டு நாளைக்கே வேற வேலைக்குப் போகலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாக. உங்க மக வேற என்ன வேணாலும் ஆகலாம். இந்தப் பஸ்ஸை விட்டு நம்ம ஊர்ல எறங்குனா நீங்க சார்தான். நான் எறங்குனா முத்துப்பேச்சிதான்."

பக்கத்தில் மதி நின்றிருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

பேருந்து வந்தது. முன்பக்கம் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. மதி ஏறி ஒன்றில் உட்கார்ந்து, அடுத்ததில் கையை வைத்துக்கொண்டு, "பாட்டி, இங்க வாங்க," என்று கூப்பிட்டாள். முத்துப்பேச்சி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

எங்கள் ஊர் வரும்வரை அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. மதி கையை எடுக்கவே இல்லை.